வெயிலுக்கு உடம்பு பழகுவது இதயத்துக்குப் பலமா, பாரமா?

நிழல்தேடி கேட்டது:

வணக்கம். திறந்தவெளியில் வேலை செய்பவர்களுக்கான பயிற்சிக் குறிப்பேடு ஒன்று தயாராகிறது. அதில் வெப்பத்துக்குப் பழகுவது பற்றிய பகுதியில் இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன.

வெப்ப அலை அடித்தால் மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் கூடுகின்றன என்கிறது ஒரு தரப்பு. சானா எனப்படும் சூட்டறையில் உட்கார்ந்தாலும் வெந்நீரில் கிடந்தாலும் இதயத்துக்கும் இரத்த நாளங்களுக்கும் நல்லது என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் இருப்பது அதே வெப்பம்தானே?

உடம்பு வெப்பத்துக்குப் பழகும்போது இதயத்திலும் நாளங்களிலும் உண்மையில் என்ன மாறுகிறது, எத்தனை நாளில் மாறுகிறது, அந்த மாற்றம் எத்தனை நாள் நிற்கும்? புதிதாக வேலைக்கு வருபவரை எப்படிப் படிப்படியாக ஏற்றுவது? பிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதில் எது பொருந்தும், எது பொருந்தாது? "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற அளவில் அறிவுரை கைவசம் இருக்கிறது. அதற்கு அடியில் உள்ள கணக்குதான் வேண்டும்.

---

நாடிமானி எழுதியது:

பழகாத உடம்பில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் மற்றது தானாக விளங்கும்.

உடம்புச் சூட்டை வெளியேற்ற இரத்தம் தோலுக்குப் போயாக வேண்டும். இதமான அறையில் சும்மா இருக்கும்போது தோலுக்குப் போகும் இரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டர்கூட இருக்காது. கடும் வெப்பத்தில் அது 6 முதல் 8 லிட்டர் வரை போகும். ஓய்வில் இதயம் மொத்தமாகவே நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் தள்ளுகிறது. ஆக, வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரின் இதயம்கூட வெப்பத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் தள்ள வேண்டி வரும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்துக் கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்கிறது உடம்பு. மீதியை நாடித்துடிப்பைக் கூட்டித்தான் சமாளிக்கிறது. உள்உடல் வெப்பம் 1 டிகிரி ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 30 கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் இது நிறையவே மாறும்.

தோலுக்கு அடியில் உள்ள சிரைகள் தளர்ந்து விரிந்திருப்பதால் போன இரத்தம் அங்கேயே தேங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. போதாக்குறைக்கு வியர்வைக்கான நீரும் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலிருந்தே கழிகிறது. நிரப்ப வேண்டிய இடம் பெரிதாகிறது, நிரப்பும் சரக்கு குறைகிறது. நின்றபடியே மயங்கி விழுவது இதனால்தான்.

இதயத் தமனியில் அடைப்பு உள்ளவருக்கு இது ஏன் ஆபத்து? இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் போய்ச் சேர்வது இதயம் துடித்து முடித்து விரிகிற இடைவெளியில். துடிப்பு வேகமானால் முதலில் சுருங்குவது அந்த இடைவெளிதான். கீழ் இரத்த அழுத்தமும் வெப்பத்தில் இறங்குகிறது. தசைக்குத் தேவை கூடுகிற அதே நேரத்தில் வரத்து குறைகிறது. வியர்த்து நீர் இழந்த இரத்தம் கெட்டியாகிறது, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் அடர்த்தி ஏறுகிறது, உறைகட்டி உண்டாக வழி பிறக்கிறது. வெப்ப அலையில் ஏறும் இதய மரணங்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு இது.

இனி பழகுவதற்கு வருவோம். தினமும் வியர்க்கும் அளவுக்கு, அதாவது உள்உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியசை ஒட்டி ஏறும் அளவுக்கு, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் வெப்பத்தில் உழைத்தால் முதலில் நகர்வது பிளாஸ்மாவின் அளவு. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பிலுள்ள சோடியத்தைப் பிடித்து வைக்கிறது, சோடியத்தோடு நீரும் நிற்கிறது. பிளாஸ்மாவில் ஆல்புமின் புரதம் கூடி அந்த நீரை நாளத்துக்குள்ளேயே இழுத்து வைக்கிறது. 3 முதல் 6 நாளுக்குள் பிளாஸ்மா பொதுவாக 4 முதல் 15 சதவீதம் கூடும். 70 கிலோ ஆளிடம் பிளாஸ்மா ஏறக்குறைய 3 லிட்டர் இருக்கும். 10 சதவீதம் என்றால் 300 மில்லி. கேட்கச் சின்ன அளவுதான். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கொஞ்சம் கூடுதலாக நிரம்புகிறது. முதல் நாள் செய்த அதே வேலையை ஒரு வாரம் கழித்துச் செய்யும்போது துடிப்பு 10 முதல் 20 வரை குறைந்திருக்கும். பழகிவிட்டதை வெளியிலிருந்து பார்க்க நம்பகமான முதல் அடையாளம் இதுவே.

வியர்வைச் சுரப்பிகள் கொஞ்சம் மெதுவாகத்தான் பாடம் படிக்கின்றன. 5 முதல் 14 நாளுக்குள் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதிகமாகக் கொட்டும், உப்பு குறைந்து நீர்த்து வரும். தோல் நன்றாகக் குளிர்ந்தால் சூட்டை இறக்கிவிட அவ்வளவு இரத்தம் தோலுக்கு ஓட வேண்டியதில்லை. அந்த இரத்தம் தசைக்கும் இதயத்துக்கும் மிஞ்சுகிறது. ஓய்வில் உள்ள உடல் வெப்பமும் ஒரு டிகிரியில் பத்தில் சில பாகம் இறங்கிவிடும். அதனால் வேலையைத் தொடங்கும்போதே ஏறுவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கிறது.

கிளைக்கதையாக ஒன்று. பிளாஸ்மா கூடியிருக்கும் நாட்களில் இரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் ஒரு படி குறைவாகத் தெரியும். சிவப்பணு எதுவும் குறையவில்லை, நீர்த்திருக்கிறது, அவ்வளவுதான். பரிசோதனைச் சீட்டைப் பார்த்தவுடன் இரும்புச்சத்து மாத்திரைக்கு ஓடாமல், வெப்பத்தில் வேலை செய்கிறார் என்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வெறுமனே வெயிலில் உட்கார்ந்திருந்தால் பாதிப் பழக்கம்தான் வரும். வேலையும் வெப்பமும் சேர வேண்டும். வறண்ட வெப்பத்தில் பழகியவர் புழுக்கத்துக்கு வந்தால் சில நாள் திரும்பவும் தடுமாறுவார். குளிரூட்டிய அறையில் இரவு தூங்கினால் பழக்கம் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. பகலில் வெப்பத்தில் உழைத்தால் போதும். நல்ல தூக்கம் இதயத்துக்குச் சாதகம்தான்.

---

பணித்தளம் எழுதியது:

படிப்படியாக ஏற்றும் கணக்கு இது. குறிப்பேட்டில் இதற்கு ஒரு பக்கம் முழுதாக ஒதுக்குங்கள்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்வது: அறவே புதியவர் முதல் நாள் வேலை நேரத்தில் 20 சதவீதம் மட்டுமே வெப்பத்தில் இருக்கலாம். அதன்பின் ஒரு நாளைக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது. 8 மணி நேர வேலையில் 20 சதவீதம் என்பது 1 மணி 36 நிமிடம். இரண்டாம் நாள் 3 மணி 12 நிமிடம். ஐந்தாம் நாளில்தான் முழு நேரம். இதே வேலையை முன்பு செய்து பழகி, இடைவெளி விட்டுத் திரும்பியவருக்கு 50, 60, 80, 100 என்று நான்கு நாள்.

இதில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். "20 சதவீதம்" என்பதைப் பாதி வேகத்தில் நாள் முழுக்க வேலை என்று புரிந்துகொள்கிறார்கள். அது வெப்பத்தில் இருக்கும் நேரத்தின் அளவு. மிச்ச நேரத்துக்கு நிழலிலோ உள்ளேயோ செய்யக்கூடிய வேலையை மேற்பார்வையாளர் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து மணிக்கே ஆளைத் திரும்ப வெயிலில் இறக்கிவிடுவார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் நிலைமை இன்னும் மோசம். புதியவர் பழையவரோடு போட்டி போட்டுத் தன்னைத்தானே விரட்டிக்கொள்வார். அந்த முதல் வாரத்துக்காவது நாள்கூலி கொடுப்பது எந்த எச்சரிக்கைப் பலகையையும்விடப் பலன் தரும்.

முதல் வாரத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால், பணியிட வெப்ப மரணங்களில் ஏறக்குறைய பாதி வேலைக்கு வந்த முதல் நாளிலேயே நடப்பதாகவும், 70 சதவீதத்துக்கும் மேல் முதல் வாரத்துக்குள் நடப்பதாகவும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா சொல்கிறது. வெப்பம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பழகியவர் நிற்கிறார், பழகாதவர் விழுகிறார்.

வேலையில் இருக்கும்போது பார்க்க வேண்டியது நாடி. 180இலிருந்து வயதைக் கழியுங்கள். 40 வயதுக்காரருக்கு 140. சில நிமிடம் தொடர்ந்து அதற்கு மேலேயே நின்றால் வேலையை நிறுத்த வேண்டும். மார்புப் பட்டையோ கைக்கடிகாரமோ இல்லாவிட்டாலும் மணிக்கட்டைப் பிடித்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும்.

எடையையும் பாருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும், ஒரே அளவு உடையில், வியர்வையைத் துடைத்துவிட்டு. 1 கிலோ குறைந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது. 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ. அதைத் தாண்டினால், பழகிச் சேர்த்த பிளாஸ்மாவின் பயன் அன்றைக்கு இல்லாமல் போகிறது. எடை கூடியிருந்தால் அதுவும் தப்பு, தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள்.

குடிக்கும் அளவு 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, 240 மில்லி. மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டக்கூடாது. சிறுநீரகத்தால் அதற்கு மேல் வேகமாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். பார்ப்பவர் அதையும் நீரிழப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார். இதைத் தனியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

வேலையை விட்டால் பழக்கம் எவ்வளவு நாள் தங்கும்? துடிப்பிலும் உடல் வெப்பத்திலும் வந்த முன்னேற்றம் ஒரு நாளைக்குச் சுமார் 2.5 சதவீதம் தேய்கிறது. ஒரு வாரம் விடுப்பு என்றால் கவனிக்க வேண்டிய இழப்பு. ஆனால் போனது திரும்ப வர முதலில் எடுத்துக்கொண்ட அளவு நாள் ஆகாது, இரண்டு மூன்று நாளில் பெரும்பகுதி மீண்டுவிடும். காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்தவர் மட்டும் இதில் சேர மாட்டார். அவரைப் புதியவராகவே நடத்துங்கள்.

---

கல்தரை எழுதியது:

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் உடம்பு அதற்கும் பழகிக்கொள்ளும் என்று பழைய பயிற்சி முறைகளில் ஒரு கருத்து உண்டு. அதையும் அட்டவணையில் சேர்க்கலாமே?

---

நாடிமானி எழுதியது:

சேர்க்கவே கூடாது. வெப்பத்துக்குப் பழகலாம், நீரிழப்புக்குப் பழக முடியாது. நீர் குறைந்தால் பிளாஸ்மா குறையும், துடிப்பு ஏறும், வியர்வை தாமதமாகும். பத்தாவது நாளிலும் அப்படித்தான். பழக்கம் கொடுக்கும் முதல் பலனே பிளாஸ்மா பெருகுவது என்கிறபோது, நீரை நிறுத்திப் பழகுவது என்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது.

தாகத்தோடு உழைப்பது சிறுநீரகத்தையும் விடாது. எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம் சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாமலே நாள்பட்ட சிறுநீரக நோய் பரவலாக இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் வெப்பச் சுமையும் நீரிழப்பும் அதற்கு முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. சிறுநீரகம் கெட்டவருக்கு அடுத்து இரத்த அழுத்தமும் இதயமும் கெடும்.

---

சான்றெங்கே எழுதியது:

சானா, வெந்நீர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே நல்ல செய்தியும் இருக்கிறது, மிகைப்படுத்தலும் இருக்கிறது. பிரித்துச் சொல்லாவிட்டால் உங்கள் குறிப்பேட்டைப் படிப்பவர் நெஞ்சுவலியோடு வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கிவிடுவார்.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது பின்லாந்தின் குவோப்பியோ ஆய்வு. 2,315 நடுவயது ஆண்களை 20 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2015இல் வெளியிட்டார்கள். வாரம் ஒருமுறை சானா போனவர்களோடு ஒப்பிட்டால், 4 முதல் 7 முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. எந்தக் காரணத்தாலும் நேரும் மரணம் 40 சதவீதம் குறைவு. பிரமாதமான எண்கள். ஆனால் இது கவனித்து எழுதிய ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை. வாரம் ஏழு முறை 80 டிகிரி அறையில் உட்கார முடிகிற ஆள் ஏற்கெனவே திடமானவராக இருக்க வாய்ப்பு அதிகம். இதயம் தளர்ந்தவர் தானாகவே குறைத்துக்கொண்டிருப்பார். புள்ளிவிவரத்தில் எவ்வளவு சரிக்கட்டினாலும் இந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது.

காரணத்தைக் காட்டும் ஆய்வுகள் சிறியவை, ஆனால் எனக்குப் பிடித்தவை அவைதான். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி செய்யாத ஆரோக்கியமான இளைஞர்களை 8 வாரம், வாரம் 4 அல்லது 5 முறை, 40.5 டிகிரி நீரில் அமிழ்த்தினார்கள். உள்உடல் வெப்பத்தை 38.5 டிகிரிக்கு ஏற்றி அதிலேயே ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். கையில் இரத்த ஓட்டத்தைச் சற்றுநேரம் அடைத்துத் திறந்தால் தமனி எவ்வளவு விரிகிறது என்பதை அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். நாளத்தின் உட்சுவர் நலத்துக்கு அது ஓர் அளவுகோல். தொடக்கத்தில் 5.6 சதவீதமாக இருந்த விரிவு 10.9 சதவீதமானது. தமனிகளின் விறைப்பும் குறைந்தது, கீழ் இரத்த அழுத்தமும் இறங்கியது. 2016இல் வந்த முடிவு.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு இன்னொரு சோதனை அழகான விடை. இரண்டு முன்கைகளையும் வெந்நீரில் வைத்து, ஒரு கையில் மட்டும் பிபி பட்டையைக் காற்றடித்து இறுக்கி இரத்த ஓட்டம் கூடாமல் தடுத்தார்கள். 8 வாரம் கழித்துப் பார்த்தால் பட்டை இல்லாத கையின் நுண்நாளங்களில்தான் முன்னேற்றம். இரண்டு கையிலும் பட்டது ஒரே சூடு. ஆக, நாளத்துக்குப் பயிற்சி கொடுப்பதில் முக்கியப் பங்கு சூட்டால் பாய்ந்து வரும் இரத்தத்துக்கு. அது சுவரை உரசிக்கொண்டு போகும்போது உட்சுவர்ச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கின்றன. நாளத்தைத் தளர்த்துவது அந்த வாயு. நடக்கும்போதும் ஓடும்போதும் கிடைப்பது இதே உரசல்தான். சூடு பட்ட செல்களில், செல்லைக் காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கூடுவதும் உதவுகிறது. ஆனால் தலைமை வேலை ஓட்டத்துடையது.

இப்போது கசப்பான பகுதி. ஏற்கெனவே இதயத் தமனி நோய் உள்ளவர்களை மொன்ட்ரியல் நகரில் சீட்டுக் குலுக்கி இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வாரம் 4 முறை 8 வாரம் சானா கொடுத்தார்கள். 2023இல் முடிவு வந்தது. தமனி விரிவில் முன்னேற்றம் இல்லை. இளைஞரின் நெகிழ்வான நாளத்தில் வந்த மாற்றம் பல ஆண்டு நோய் கண்டு, மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாளத்தில் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஜப்பானில் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு வாவோன் என்ற சிகிச்சை உண்டு. 60 டிகிரி வறண்ட அறையில் 15 நிமிடம், பிறகு போர்வை போர்த்தி 30 நிமிடம் படுக்கை, இழந்த நீரை அளந்து திரும்பக் கொடுப்பது. உள்உடல் வெப்பம் 1 டிகிரி அளவுதான் ஏறும். அதில் சாதகமான முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் அது மருத்துவமனையில், மருத்துவர் மேற்பார்வையில் நடப்பது. வீட்டில் போலி செய்யக் கூடாது.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதற்குள் இருக்கிறது. சானாவில் இருப்பவர் 15, 20 நிமிடத்தில் வெளியே வருகிறார், படுத்துக்கொள்கிறார், தண்ணீர் குடிக்கிறார், மிச்ச நாள் முழுக்க நாளங்கள் இளைப்பாறுகின்றன. வெப்ப அலையில் இருப்பவருக்கு வெளியேறும் கதவு இல்லை. இரவிலும் சூடு இறங்காதபோது இதயத்துக்கு ஓய்வே கிடையாது. பருவத்தின் முதல் வெப்ப அலை பிந்தையவற்றைவிட அதிகம் பேரைக் கொல்வதற்கு ஒரு காரணம், அப்போது யாரும் பழகியிருப்பதில்லை.

---

நிழல்தேடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு துணைக்கேள்விகள். வேலைக்கு வருமுன்பே ஒருவர் வீட்டில் வெந்நீரில் பழகிக்கொண்டு வர முடியுமா? மாத்திரை பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

---

மருந்துப்பேழை எழுதியது:

மாத்திரையை நான் எடுத்துக்கொள்கிறேன். முதலிலேயே ஒரு விதி: வெயில் காலம் என்று யாரும் தானாக மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. சூட்டில் இரத்த அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும், சிலருக்கு அளவைக் குறைக்க வேண்டியும் வரும். அதை முடிவு செய்ய மருத்துவருக்கு எண்கள் வேண்டும். ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து ஓர் அளவு, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஓர் அளவு. நின்றதும் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 இறங்கினால் வெயில் வேலைக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீர் மாத்திரைகள், அதாவது ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃபுரோசமைடு போன்றவை, உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. பழகும் உடம்போ அந்த இரண்டையும் பிடித்து வைக்கப் பார்க்கிறது. நேர் எதிர். ஆகவே இவர்களுக்குப் பிளாஸ்மா எதிர்பார்த்தபடி பெருகாது, 20 சதவீத ஏற்றத்தைக்கூடப் பாதியாக்க வேண்டியிருக்கலாம். தயசைடு வகை சாப்பிடுகிறவர் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் சோடியம் சீக்கிரம் சரியும்.

அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரிடம் பணித்தளம் சொன்ன 180 கழித்தல் வயது கணக்கு செல்லாது. மருந்து துடிப்பை ஏற விடாது. நாடி 95 காட்டும், ஆள் வெப்பச் சோர்வில் இருப்பார். தோலுக்கு இரத்தம் போவதும் இந்த மருந்தில் குறையலாம். இவர்களுக்கு எடை, பேச்சுத் தெளிவு, நடை ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகை பிபி மாத்திரைகளில் நீர் குறைந்த நேரத்தில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அடைபடுகிறது. தனியாக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கும். இதோடு நீர் மாத்திரையும் சேர்ந்து, உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக்கையும் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும். இந்த மூன்றின் கூட்டணியைக் குறிப்பேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

நாளத்தை விரிக்கும் பிபி மாத்திரையான அம்லோடிபைன் சாப்பிடுபவருக்கு வெப்பத்தில் கணுக்கால் வீக்கம் கூடும். அதைப் பார்த்து நீர் மாத்திரை சேர்த்துக்கொள்வது வழக்கமான பிழை. வீக்கம் நாளம் விரிந்ததால் வருவது, உடம்பில் நீர் மிகுந்ததால் இல்லை. சர்க்கரைக்கும் இதயச் செயலிழப்புக்கும் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் சிறுநீரில் சர்க்கரையோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகும். தூக்கம் வரவழைக்கும் பழைய ஒவ்வாமை மாத்திரைகள் வியர்வையையே குறைக்கும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை சூட்டில் வீரியம் இழக்கும். சட்டைப் பையிலோ வண்டியிலோ நாள் முழுக்கக் கிடந்ததை நம்பக் கூடாது.

இதயச் செயலிழப்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்று அளவு வைத்திருப்பவர்களுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு கோப்பை விதி பொருந்தாது. அவர்களை வெப்ப வேலையில் வைப்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

---

சான்றெங்கே எழுதியது:

வெந்நீர்க் கேள்விக்கு: முடியும், ஆரோக்கியமானவருக்கு. சோதித்துப் பார்த்த முறை இது. இதமான தட்பவெப்பத்தில் 40 நிமிடம் ஓட்டம், முடிந்தவுடன் 40 டிகிரி நீரில் கழுத்து வரை அமிழ்ந்து அதிகபட்சம் 40 நிமிடம், தொடர்ந்து 6 நாள். ஓய்வில் உள்ள உடல் வெப்பமும் வெப்பத்தில் ஓடும்போது உள்ள துடிப்பும் குறைந்தன. உடற்பயிற்சியே உடம்பைச் சூடேற்றி வைத்துவிடுவதால், குளியல் அந்தச் சூட்டை இறங்க விடாமல் பிடித்து வைக்கிறது. முதல் நாளே 40 நிமிடம் பெரும்பாலோரால் முடியாது. 15இல் எழுந்தாலும் பரவாயில்லை.

வெப்பமானி இல்லாமல் செய்யாதீர்கள். கைக்கு இதமாகத் தெரியும் நீர் 43 டிகிரியாக இருக்கலாம். தனியாகச் செய்யாதீர்கள், மது குடித்துவிட்டு நிச்சயம் செய்யாதீர்கள். மிகப் பெரிய ஆபத்து வெளியே எழும் நொடியில். நீருக்குள் இருக்கும்போது நீரின் அழுத்தம் கால் இரத்தத்தை மார்புக்குத் தள்ளி வைத்திருக்கிறது. எழுந்ததும் அந்த அழுத்தம் போய்விடும். நாளங்கள் விரிந்தே இருக்கும். பிபி சரேலென்று இறங்கி ஆள் விழுவார். ஆகவே முதலில் நீரை வடித்துவிட்டு, உட்கார்ந்தபடியே 2 நிமிடம் இருந்து, கெண்டைக்காலைச் சில தடவை இறுக்கித் தளர்த்திவிட்டு எழ வேண்டும். அதே காரணத்தால் இதயச் செயலிழப்பு உள்ளவர் கழுத்து வரை அமிழவே கூடாது, தளர்ந்த இதயத்துக்குள் திடீரென்று கூடுதல் இரத்தம் வந்து நிரம்பும். நிலையற்ற நெஞ்சுவலி, அண்மையில் மாரடைப்பு, கடுமையான பெருந்தமனி வால்வு சுருக்கம் உள்ளவர்களுக்குச் சானாவும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம்.

---

பணித்தளம் எழுதியது:

ஒரு திருத்தம். பழகியவருக்கு எவ்வளவு வெப்பம் கூடுதலாகத் தாங்கும் என்பதையும் எண்ணால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மிகையாக நினைப்பார்கள். நிழல் வெப்பமானி இதற்கு உதவாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பத்தை 0.7ஆலும், வெயிலில் வைத்த கருப்பு உருண்டைக்குள் உள்ள வெப்பமானி காட்டும் கருங்கோள வெப்பத்தை 0.2ஆலும் காற்று வெப்பத்தை 0.1ஆலும் பெருக்கிக் கூட்டும் குறியீடுதான் வெயில் வேலைக்கு அளவு. அதன்படி நடுத்தர உழைப்பைத் தொடர்ந்து செய்ய, தொழில்சார் சுகாதார அமைப்பான ஏசிஜிஐஎச் பழகாதவருக்கு வைக்கும் எல்லை 25 டிகிரி, பழகியவருக்கு 28. வித்தியாசம் 3 டிகிரி. இரண்டு வாரப் பழக்கம் வாங்கிக் கொடுப்பது அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் ஓய்வு நேரத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

---

நிழல்தேடி எழுதியது:

அப்படியானால் வரைவில் உள்ள "இரண்டு வாரம் கடந்தவருக்குத் தண்ணீர் இடைவேளையைக் குறைத்துக்கொள்ளலாம்" என்ற வரியை என்ன செய்வது? பழகிய உடம்புக்குத் தேவை குறையும் என்ற எண்ணத்தில் எழுதியது.

---

நாடிமானி எழுதியது:

அடித்துவிடுங்கள். குறையாது, கூடும். பழகியவர் சீக்கிரம் வியர்க்கிறார், அதிகமாக வியர்க்கிறார். முதல் வாரத்தில் மணிக்கு 1 லிட்டர் விட்டவர் மூன்றாம் வாரத்தில் அதற்கும் மேல் விடலாம். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ என்ற எல்லையை அவர் முன்பைவிட விரைவில் தொடுவார். தெம்பாகத் தெரிவதால் யாரும் அவரைக் கவனிக்கவும் மாட்டார்கள். குறைவது உப்புத் தேவைதான். பழகாத உடம்பின் 1 லிட்டர் வியர்வையில் சமையல் உப்புக் கணக்கில் இரண்டு மூன்று கிராம் போகலாம், பழகியபின் அது பாதியாகக்கூடும். சாப்பாட்டிலேயே ஈடாகிவிடும், உப்பு மாத்திரை வேண்டாம். அந்த வரியில் "குறைத்துக்கொள்ளலாம்" இருக்கும் இடத்தில் "அதே இடைவெளியில் தொடர வேண்டும், எடையை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்" என்று போடுங்கள்.